பதினாறரை மணி நேரத் தூரம்

பிப்ரவரி 5, புதன்கிழமை

தம்பி,

நலமா என்று கேட்டுவிட்டு விஷயத்துக்கு வருவதுதான் முறை. கேட்டதாக வைத்துக்கொள்.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நம் வீட்டில் போனில் பேசினால் அம்மாவுக்குக் கேட்கும். மெதுவாகப் பேசினால் இன்னும் நன்றாகக் கேட்கும். அதனால் டியூட்டி முடிந்த பிறகு டெப்போவிலேயே, டைம்கீப்பர் அறைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அடிக்கிறேன். உன் மாமா வெளியே ஸ்கூட்டரில் காத்திருக்கிறார். காத்திருக்கட்டும்.

போன வாரம் அவர் போனில் எதையோ தேடப்போய் ஒரு பக்கம் வந்தது. எந்த இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டாலும், நடுவில் எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று சொல்கிறது. உன் ஊரையும் நம் ஊரையும் போட்டேன். பதினாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். பதினாறரை மணி நேரம். நம்பாமல் இரண்டு ஊரையும் முன்பின்னாக மாற்றிப் போட்டும் பார்த்தேன். அதேதான்.

என் வேலை உனக்குத் தெரியும். இவ்வளவு தூரத்துக்கு இவ்வளவு ரன்னிங் டைம் என்று இருக்கிறது. பஸ் அதற்குள் வர வேண்டும். வரவில்லை என்றால் டிரைவர் என் ஜன்னலுக்கு வந்து காரணம் சொல்ல வேண்டும். பஞ்சர் என்பார்கள், ரயில்வே கேட் என்பார்கள், ஒருவர் மாடு மறித்தது என்றார். பதினாறரை மணி நேர ரன்னிங் டைமுக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்ட டிரைவரை மட்டும் நான் பார்த்ததில்லை.

அப்பா இறந்துபோனது போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. உடனே உனக்குச் சொல்லிவிட்டோம். நீ வந்தது வியாழக்கிழமை காலை. மீதி நேரமெல்லாம் எங்கே இருந்தாய்?

அந்த மூன்று நாளும் வாசலில் நின்று பதில் சொன்னவள் நான். "வந்துக்கிட்டே இருக்கான்", "ராத்திரிக்குள்ள வந்துடுவான்", "காலைல வந்துடுவான்." சொன்ன நேரம் ஒவ்வொன்றும் பொய்யாகிக்கொண்டே வந்தது. "ஊருக்கெல்லாம் டைம் சொல்ற பொண்ணு, தம்பி எப்ப வருவான்னு சொல்லத் தெரியலையே" என்று யாரோ என் காதுபடவே சொன்னார்கள். புதன்கிழமை சாயங்காலம், இனிமேல் வைத்திருக்க முடியாது என்றார்கள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சரி, எடுங்கள் என்றேன்.

அந்தப் பக்கத்தை அம்மாவிடமும் காட்டிவிட்டேன். அன்றிலிருந்து உன் போனுக்கு வர மாட்டேன் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது குளிக்கிறாள் என்றேனே, குளிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, என் கையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுற்றி வளைக்காமல் பதில் எழுது.

அக்கா

•

பிப்ரவரி 5, புதன்கிழமை

அக்கா,

இங்கே புதன்கிழமை இப்போதுதான் விடிகிறது. நீ புதன்கிழமையை முழுதாக முடித்துவிட்டு எழுதியிருக்கிறாய். விடிந்தும் விடியாததுமாகப் பல் கூடத் தேய்க்காமல் இந்தக் கடிதத்தைப் படித்தேன். நல்ல விடியல்.

நான் டிரைவர் இல்லை, அக்கா. பயணி. வண்டி லேட் என்று பயணியைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கிற ஒரே டைம்கீப்பர் நீதான்.

மாமா கூப்பிட்டுச் சொன்னபோது எனக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அன்றைக்கு விமானத்தில் இடம் இல்லை. மறுநாள் மதியம்தான் கிடைத்தது. அதற்குப் பிறகு உன் வாசலில் வந்து நிற்கும்வரை, ஒன்று பறந்துகொண்டிருந்தேன், இல்லையென்றால் பறப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன். மூன்று விமானம். மூன்றில் ஒன்று என்னை விட்டுவிட்டுப் போயே போய்விட்டது. எங்கே இருந்தாய் என்கிறாயே, ஊர் சுற்றிப் பார்த்தேன் என்று நினைக்கிறாயா? உன் மனதில் இருப்பதை நேராகவே கேட்டுவிடு.

என்னிடம் கேட்பதற்கு முன்னால் அம்மாவிடம் ஏன் காட்டினாய்? அதுதான் எனக்கு ஆறவில்லை. நான் வந்து இறங்கிய அன்றைக்கு என்னை ஒரு வார்த்தை குறை சொல்லாதவள் அவள் ஒருத்திதான். அவளையும் பேசாமல் ஆக்கிவிட்டாய்.

வேலைக்கு நேரமாகிறது. ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டதாம். போய் இறக்க வேண்டும்.

தம்பி

•

பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை

தம்பி,

கோபத்தில் எழுதியிருக்கிறாய், பரவாயில்லை. நானும் அப்படித்தான் எழுதினேன். ஆனால் உன் கடிதத்தைப் படித்த பிறகு எனக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தெளிவும் போய்விட்டது.

அப்பா போனது திங்கட்கிழமை. நீ ஞாயிற்றுக்கிழமையே கேள்விப்பட்டேன் என்கிறாய். உங்கள் ராத்திரி எங்கள் பகல் என்று எனக்கும் தெரியும், அவ்வளவு மட்டி இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மின்விசிறி சத்தம் போடுகிறது, ஆளைக் கூப்பிடு என்று பத்துத் தடவை சொன்னேன், உனக்குக் காதே கிடையாது என்று கத்தினார். அதே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் இறந்துபோன சேதி உன் காதில் விழுந்திருக்கிறது. எந்த ஞாயிற்றுக்கிழமையை நான் நம்புவது? இதை யோசித்து இரண்டு நாளாகத் தலை சுற்றுகிறது.

உன் மாமா விளக்குகிறேன் என்று சாப்பாட்டு மேஜையில் எலுமிச்சம்பழத்தை வைத்து, டார்ச் அடித்துச் சுற்றினார். இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அவன் என்றார். பாதியில் எலுமிச்சம்பழம் உருண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டது. எடுத்து வந்தவருக்கு எது நாம், எது நீ என்று மறந்துவிட்டது. விளக்கம் அதோடு முடிந்தது.

சரி, கிழமையை விடு. தூரத்துக்கு வருகிறேன். மூன்று விமானம், காத்திருந்தேன் என்கிறாய். அப்படியென்றால் அந்தப் பக்கத்தில் பதினாறரை மணி நேரம் என்று ஏன் போட்டிருக்கிறார்கள்? ஓடாத பஸ்ஸுக்கு யாராவது நேரம் போடுவார்களா? நான் போட்டால் என்னை டெப்போவுக்கு உள்ளேயே விட மாட்டார்கள்.

அம்மாவிடம் ஏன் காட்டினாய் என்று கேட்டாய். தெரியவில்லை. என்னோடு சேர்ந்து அவளும் உன்னை இரண்டு திட்டு திட்டுவாள் என்று நினைத்தேன் போலிருக்கிறது. அவள் திட்டவில்லை. இன்னும் உன் பேச்சை எடுத்தாலே எழுந்து உள்ளே போகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா

•

பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை

அக்கா,

அம்மா இன்றைக்கும் போனுக்கு வரவில்லை. தூங்குகிறாள் என்றாய். பின்னால் அவள் இருமியது எனக்குக் கேட்டது. அதனால் இந்தத் தடவை கோபப்படாமல், பொறுமையாக எழுதுகிறேன்.

அந்தப் பக்கம் சொல்வது வெறும் கணக்கு. இரண்டு ஊருக்கும் நடுவில் நேராக ஒரு கயிறு இழுத்துப் பிடித்தால் இவ்வளவு தூரம். அந்தக் கயிற்றின் மேலேயே ஒரு விமானம் நிற்காமல் பறந்தால் இவ்வளவு நேரம். பறந்தால்! அப்படி ஒரு விமானம் கிடையாது. யாரும் விடவில்லை. எந்த இரண்டு ஊரைப் போட்டாலும் அது வகுத்து ஒரு விடை சொல்லும். விமானம் இருக்கிறதா இல்லையா என்று அதற்குக் கவலையே இல்லை.

என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். போன வாரம் ஒரு கட்டடத்தில் ஒன்பதாவது மாடியில் வேலை. எதிர்க் கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் நிற்கிறவர் என்னைப் பார்த்துக் கை காட்டுகிறார், அங்கேயும் லிஃப்ட் பழுதாம். நடுவில் இருபதடி இருக்குமா? ஆனால் நான் ஒன்பது மாடி இறங்கி, சாலையைக் கடந்து, காவலாளியிடம் கையெழுத்துப் போட்டு, அங்கே லிஃப்ட் ஓடாததால் ஒன்பது மாடி படியேறிப் போனேன். போய்ச் சேர்ந்தபோது அந்த மனிதர் கேட்டார், எதிர்லதானே இருந்தீங்க, ஏன் இவ்வளவு நேரம் என்று. உன் ஞாபகம்தான் வந்தது.

நான் வந்த கதையையும் கேட்டுக்கொள். முதல் விமானம் மூடுபனியால் தாமதம். போய் இறங்கியபோது அடுத்தது கிளம்பிவிட்டது. மறுநாள் அதே நேரத்துக்குத்தான் இன்னொன்று. ஒரு பகலும் ஒரு ராத்திரியும் காபி மெஷின் பக்கத்தில் ஒரு நாற்காலி. தரை துடைக்கிற அம்மாள் வந்தபோதெல்லாம் காலைத் தூக்கிக்கொண்டேன். நாலாவது தடவை அவரே என் காலைப் பார்த்துவிட்டுச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனார். போனில் சார்ஜ் இல்லை. சுவரில் இருந்த கடிகாரம் ஒன்று சொன்னது, என் வாட்ச் ஒன்று சொன்னது, உங்களுக்கு அப்போது என்ன நேரம் என்று மனதுக்குள் கூட்டிக் கழித்து, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடை வந்தது. அப்பா இன்னும் வீட்டில்தான் இருக்கிறாரா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதைச் சொல்ல எந்தக் கடிகாரமும் இல்லை. பிறகு கூட்டிப் பார்த்தேன். நீங்கள் அவரை எடுத்தபோது நான் மூன்றாவது விமான நிலையத்தில் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எடுக்கச் சொன்னது சரிதான், அக்கா. அதை நான் ஒருநாளும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

நான் எழுதியது மாதிரி இல்லாமல், சுருக்கமாக, அம்மாவுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல். அவள் என்னோடு பேச வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

தம்பி

•

பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை

தம்பி,

உன் கடிதத்தை நம்பினேன். ஆனாலும் பழக்கதோஷம், ஒரு வார்த்தை விசாரித்துவிடலாம் என்று பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற டிக்கெட் ஏஜென்ட்டிடம் போனேன். ஊர் இரண்டையும் சொன்னதும் சிரித்தார். "நேர் விமானமா? அதெல்லாம் கெடையாதும்மா. ரெண்டு எடத்துல எறங்கி ஏறணும். மூடுபனி நேரம்னா கடவுள் விட்ட வழி" என்றார். அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தார். நீ எங்கேயோ சாவகாசமாக இருந்துவிட்டு வந்தாய் என்று நினைத்துக்கொண்டிருந்தவரை எனக்கு வசதியாக இருந்தது. அப்படி இல்லை என்றால், இன்னும் ஒரு ராத்திரி பொறுத்திருக்கலாமே என்று அதன்பிறகு என்னை நானே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நீ கேட்க மாட்டேன் என்கிறாய். அதுவே போதும். என்னை மன்னித்துவிடு.

நேராக வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவன் மேல் தப்பே இல்லைம்மா, வழியில் மாட்டிக்கொண்டான், நான்தான் அவசரப்பட்டு ஏதேதோ சொல்லிவிட்டேன் என்றேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு அவன் லேட்டா வந்ததுக்கு யாருடி கோவிச்சா?" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னே எதற்கும்மா பேச மாட்டேன் என்கிறாய் என்று கேட்டேன்.

"மூணு நாள் தூரம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்டி. பத்து வருஷமா எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். அவ்வளவு தூரத்துல இருக்கறவன் நெனச்சா வர முடியுமான்னு. பதினாறு மணி நேரம்னா, காலைல கெளம்பினா ராத்திரிக்கு வந்துடலாமே. இவ்வளவு பக்கத்துல இருந்துக்கிட்டா அவன் வரல?"

சொல்லிவிட்டு மடித்த துணியையே மறுபடி உதறி மடித்தாள்.

நாம் இரண்டு பேரும் அந்த மூன்று நாளைப் பற்றி அடித்துக்கொண்டிருக்கிறோம். அவள் பத்து வருஷத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?

அக்கா

•

பிப்ரவரி 17, திங்கட்கிழமை

அக்கா,

படித்தேன். நாலு தடவை எழுதி அழித்துவிட்டேன்.

பத்து வருஷத்தில் இரண்டு தடவை வந்திருக்கிறேன். உன் அறுவை சிகிச்சைக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டால் தூரம் என்று சொல்வேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதுதான். லீவு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும். இப்போது அம்மா கேட்டதைப் படித்தபிறகு, தூரத்தினால்தான் வரவில்லையா, இல்லை, தூரம் இருந்தது வசதியாகப் போயிற்றா என்று குழப்பமாக இருக்கிறது. இன்றைக்கு வேலையில் ஒரு லிஃப்டில் பொத்தான்களை மாற்றி இணைத்துவிட்டேன். மூன்றை அமுக்கினால் ஏழுக்குப் போனது. ஒரு கிழவர் உள்ளேயே நின்று மேலும் கீழும் இரண்டு தடவை போய் வந்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்.

அதையெல்லாம் அவளிடம் சொல்லாதே. விமானம் இல்லை என்று மட்டும் சொல். அது நிஜம்தானே, ஏஜென்ட்டே சொல்லியிருக்கிறார். நேர் விமானம் மட்டும் இருந்தால் உன் பிள்ளை வருஷா வருஷம் வந்து நிற்பான் என்று சொல்.

தம்பி

•

பிப்ரவரி 24, திங்கட்கிழமை

தம்பி,

சொன்னேன். நீ எழுதியிருந்த கடைசி வரியை அப்படியே படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படி என்றாள். படித்தேன்.

"அப்ப அந்த போன்ல போட்டிருந்தது பொய்யா?" என்றாள். பொய் இல்லைம்மா, கணக்கு என்றேன். "இல்லாத பிளேனுக்கு என்னடி கணக்கு?" என்றாள். இந்த வீட்டில் எனக்கு அந்த வாய் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்கப்புறம் அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கே கீழ்வீட்டு அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டாள். பால்காரர், மருந்துக்கடைக்காரர், படி துடைக்க வருகிறவர், ஒருவர் பாக்கி இல்லை. "நேர் பிளேனே கெடையாதாம். இருந்தா வருஷா வருஷம் வந்துடுவான்." கேட்கிறவர்கள் ஐயோ பாவம் என்கிறார்கள். விமானம் விடாதவர்கள் மேல் தெருவே கோபமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடுவதற்கு அரை மணி முன்னாலேயே போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். என்ன பேசினீர்கள் என்று என்னிடம் சொல்லவில்லை. நான் அறையை விட்டு வெளியே போய்விட்டேன், இந்த வீட்டில் முடிந்த அளவுக்கு.

அக்கா

•

மார்ச் 10, திங்கட்கிழமை

அக்கா,

வாராவாரம் பேசுகிறாள். முன்பைவிட அதிகமாகப் பேசுகிறாள். "போயும் போயும் பிளேன் விடாத ஊர்ல போயி மாட்டிக்கிட்டியே கண்ணு" என்று எனக்காக வருத்தப்படுகிறாள். நான் ஆமாம்மா என்றேன். வேறு என்ன சொல்வது? நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காதே, நாங்க நல்லாத்தான் இருக்கோம் என்றாள். போனை வைத்த பிறகு சமையலறையில் போய் நின்றுகொண்டேன். எதற்கு அங்கே போனேன் என்று தெரியவில்லை. உன் நாத்தனார் வந்து என்ன வேண்டும் என்று கேட்டாள். உன் நாத்தனார் என்று எழுதிவிட்டேன், என் மனைவியைத்தான் சொல்கிறேன். தம்பி பெண்டாட்டி நாத்தனார் ஆக மாட்டாள் இல்லையா? உறவுமுறை கூட மறந்துகொண்டு வருகிறது.

இந்த வருஷக் கடைசியில் பார்க்கலாம். வேலை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

தம்பி

•

ஏப்ரல் 22, செவ்வாய்க்கிழமை

தம்பி,

நேற்று மத்தியானம் எங்கள் டெப்போ வண்டி ஒன்று, சொன்ன நேரத்துக்கு, சொன்னபடி வந்து நின்றது. குறித்துக்கொண்டு போகச் சொல்லிக் கையைக் காட்டினேன். வண்டி திரும்பியபோது அதன் முதுகைப் பார்த்தேன். முழுக்க ஒரு விளம்பரம். நீல ஆகாயம், பெரிய விமானம், ஒரு முனையில் நம் ஊர் பெயர், இன்னொரு முனையில் உன் ஊர் பெயர். நடுவில் எங்கேயும் நிற்காதாம். வாரத்துக்கு மூன்று நாள். பதினாறு மணி நாற்பது நிமிடம்.

நிறுத்துங்கள் என்று கத்திவிட்டேன். டிரைவர் பயந்துபோய் இறங்கி வந்தார். "என்னம்மா, பஞ்சரா?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். என் ஜன்னலில் நின்று காரணம் சொல்லத் தெரியாமல் விழிக்கிற டிரைவர்களைப் பார்த்திருக்கிறேன். நேற்று நான் அப்படி விழித்தேன்.

சாயங்காலம் அந்த ஏஜென்ட்டிடம் போனேன். போன மாதமே ஆரம்பித்துவிட்டார்களாம். நானே உங்களிடம் சொல்ல வேண்டும் என்றிருந்தேன், எப்போது டிக்கெட் போடட்டும் என்று சந்தோஷமாகக் கேட்டார்.

இங்கே பஸ் முதுகில் ஒட்டியிருக்கிறார்கள் என்றால் அங்கேயும் எங்காவது ஒட்டியிருப்பார்கள். நீ பார்த்தாயா, பார்க்கவில்லையா என்று நான் கேட்கப் போவதில்லை. எனக்கு அந்தப் பதில் வேண்டாம். ஒரு தடவை கேட்டுப் பட்டது போதும்.

சிக்கல் என்னவென்றால், அந்த வண்டி நம் தெரு வழியாகப் போகிறது. தினமும் நாலு மணிக்கு அம்மா ஜன்னலில் உட்கார்ந்திருப்பாள், உனக்குத் தெரியும். கண்ணாடி போட்டுக்கொண்டால் எதிர்க்கடையின் சின்ன எழுத்தைக் கூடப் படித்துவிடுவாள். நேற்று நல்லவேளையாகப் படுத்திருந்தாள். இன்றைக்குக் காலையில் எங்கள் மேலாளரிடம் போய், அந்த வண்டியை வேறு ரூட்டில் போடுங்கள் என்று கேட்டேன். ஏன் என்றார். எப்போதும் லேட்டாக வருகிறது என்றேன். நான் சொன்னால் அவர் எடுத்துப் பார்க்கக்கூட மாட்டார், அவ்வளவு நம்பிக்கை. சரியான நேரத்துக்கு வந்த வண்டியை லேட் என்று சொன்னது இந்த வேலையில் இதுதான் முதல் தடவை. அந்த டிரைவருக்கு விஷயம் தெரிந்தால் என் முகத்தில் விழிக்க மாட்டார்.

பேப்பரை நான் முதலில் பார்த்துவிட்டுத்தான் அவளிடம் கொடுக்கிறேன். உன் மாமாவிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கு மருந்து வாங்கிக்கொண்டு வந்தபோது அம்மா கீழ்வீட்டு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள், மறுபடியும் அதே பேச்சுதான். நேர் விமானம் மட்டும் இருந்தால் என்று. நான் மருந்துப் பையோடு படியிலேயே நின்றுவிட்டேன்.

உன்னை வா என்று நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டு வருவதற்கும் தானாக வருவதற்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியும். நீ வந்து இறங்கினால், அன்றைக்கே புதிதாக விட்டிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொள்கிறேன், அந்த வண்டியையும் பழையபடி நம் தெரு வழியாகவே விடச் சொல்கிறேன். வராவிட்டால் விமானம் இல்லை.

அக்கா